ஏரி தூர்வாரல்: எத்தனை அடி வெட்டுவது என்று கேட்பதற்கு முன்னால் (விவாத இழை)

#1 | ஆயக்கட்டு

தூர்வாரப் போகிற ஒரு ஏரியின் கணக்கைக் கீழே தருகிறேன். நீர்ப்பரப்பு 70 ஏக்கர் (28.3 ஹெக்டேர்). ஆயக்கட்டு, அதாவது ஏரி பாய்கிற நிலம், 120 ஏக்கர். கொள்ளளவு சுமார் 12 மில்லியன் கன அடி. மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற வாய்) இரண்டு, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி வழிகிற இடம்) 20 மீட்டர் நீளம். சொந்த நீர்ப்பிடிப்பு 3.5 சதுர கிலோமீட்டர். அது போக, பக்கத்து ஓடையிலிருந்து பிரிந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் உண்டு. கடற்கரை 60 கிலோமீட்டர் தொலைவில். உபரி கீழ் ஏரிக்குப் போகிறது.

நன்கொடையாக 300 மணி நேர ஹிட்டாச்சி (மண்வெட்டும் இயந்திரம்) ஓட்டம் கிடைத்திருக்கிறது. ஏரி முழுக்க ஒரு மீட்டர் வெட்ட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. மண்ணைத் தொடவே வேண்டாம், கலங்கல் மேல் அரை அடி கான்கிரீட் போட்டால் போதும் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி?

#2 | மட்டப்பலகை

இரண்டும் தப்பு. முதலில் ஒரு மீட்டர் கதையைப் பார்ப்போம்.

28.3 ஹெக்டேரில் ஒரு மீட்டர் வெட்டினால் 2,83,000 கனமீட்டர் மண், அதாவது 10 மில்லியன் கன அடி. ஏரிமண்ணில் ஒரு ஹிட்டாச்சி மணிக்கு 80 கனமீட்டர் எடுக்கும் என்று வையுங்கள். அதுவும் டிப்பர்கள் வரிசையாக நின்றால்தான். அப்படியானால் 3,500 மணி நேரம் ஆகும். உங்களிடம் இருப்பது 300. அதில் வருவது 24,000 கனமீட்டர், 0.85 மில்லியன் கன அடி. ஏரி முழுக்கப் பரப்பிப் பார்த்தால் எட்டரை சென்டிமீட்டர். மழைக்காலம் முடிந்ததும் யாருக்கும் அடையாளம் தெரியாது.

மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்விக்கே இன்னும் வரவில்லை.

#3 | கரிசல்காடு

அண்ணே, மொதல்ல வரத்துக்கால் எந்த நிலையில இருக்குன்னு சொல்லுங்க. கண்மாய ஆழப்படுத்திட்டு வாய்க்கால அப்படியே விட்டா, பெரிய பானைய வாங்கிக் குழாயடியில வச்சுட்டுக் குழாயத் திறக்காத கதைதான்.

(எங்க பக்கம் கண்மாய், மடை, கலுங்கு. வடக்க ஏரி, மதகு, கலங்கல். நெல்லைப் பக்கம் குளம், மறுகால். எல்லாம் ஒண்ணுதான், குழம்ப வேண்டாம்.)

#4 | ஆயக்கட்டு

அடி அகலம் 2 மீட்டர், ஆழம் 0.6 மீட்டர், சரிவு 2,000-க்கு 1 என்பது பழைய கணக்கு. இப்போது நாணலும் சீமைக்கருவேலும். ஊராட்சிச் சாலை ஒன்று குறுக்கே போகிறது, அதனடியில் ஓரடிக் குழாய் பதித்திருக்கிறார்கள்.

#5 | மட்டப்பலகை

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடுகிற மேனிங் சூத்திரத்தில் அந்த அளவுகளைப் போட்டுப் பாருங்கள். சுத்தமான மண்வாய்க்காலின் சொரசொரப்பு எண் 0.03. வேகம் விநாடிக்கு 0.39 மீட்டர், ஓட்டம் விநாடிக்கு 465 லிட்டர். ஒரு நாளைக்கு 40,000 கனமீட்டர், 1.4 மில்லியன் கன அடி. புதர் மண்டினால் அந்த எண் 0.08 வரை ஏறும். வேறெதுவும் மாறாமலே ஓட்டம் 174 லிட்டராக இறங்கும், நாளைக்கு அரை மில்லியன் கன அடி.

ஓடையில் தண்ணீர் ஓடும் நாட்கள் எண்ணிக்கைக்குத்தான் வரும். பத்து நாள் ஓடினால் சுத்தமான வாய்க்கால் உங்கள் ஏரியை நிரப்பி மிச்சமும் விடும். புதர்வாய்க்கால் பாதிகூட நிரப்பாது.

அந்த ஓரடிக் குழாய் இன்னும் மோசம். 30 சென்டிமீட்டர் விட்டத்தில், தண்ணீர் மேலே தேங்கி அழுத்தினாலும், விநாடிக்கு 100 லிட்டரைத் தாண்டுவது கஷ்டம். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அங்கே வந்து நின்றுவிடும். சாலை போடுகிறவர்கள் வாய்க்காலைக் கழிவுநீர்க் கால்வாய் மாதிரி பார்த்து எப்போதும் செய்கிற வேலை இது. 1.2 மீட்டர் அகலப் பெட்டிப் பாலமாவது வேண்டும், அடிமட்டம் வாய்க்கால் அடிமட்டத்தோடு சேர வேண்டும். ஒரு சாண் மேலே வைத்துவிட்டால் அதுவே ஒரு சின்ன அணை.

300 மணியில் முதல் 60 மணி வாய்க்காலுக்கு.

#6 | ஆயக்கட்டு

நன்கொடை கொடுப்பவர்கள் ஏரிக்குள் வண்டி நிற்கிற படம் கேட்கிறார்கள். வாய்க்கால் படத்தில் எடுப்பாக இல்லையாம்.

#7 | கரிசல்காடு

வாய்க்கால்ல தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்க, வாயடைச்சுப் போவாங்க.

#8 | மறுகால்

கலங்கலை உயர்த்தும் யோசனைக்குப் பதில் சொல்கிறேன், அதில்தான் உயிர்ச்சேதம் இருக்கிறது.

ஆசை புரிகிறது. 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் 42,000 கனமீட்டர், ஒன்றரை மில்லியன் கன அடி கூடுதல். நாலு மூட்டை சிமெண்டில் வருகிற தண்ணீர், ஹிட்டாச்சியைவிட லாபம். ஆனால் கலங்கல் என்பது ஏரியின் உயரத்தைக் காட்டுகிற அடையாளம் மட்டும் அல்ல, வெள்ளம் வெளியேறும் வாசல்.

உச்ச வெள்ளத்தைக் கணக்கிடுகிற ரைவ்ஸ் சூத்திரப்படி, கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு (பெருக்க வேண்டிய எண்) 6.8. நீர்ப்பிடிப்பு 3.5 சதுர கிலோமீட்டர் என்றால் அதன் மூன்றில் இரண்டு அடுக்கு 2.3. பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 15.7 கனமீட்டர் வெள்ளம். இப்போது உங்கள் 20 மீட்டர் கலங்கலில் 0.6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் 1.7 × 20 × 0.46 (0.6-இன் ஒன்றரை அடுக்கு), கிட்டத்தட்ட 15.8. பழைய ஆட்கள் எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், ஒரு துளி மிச்சமில்லை.

கலங்கலை 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள், கரையைத் தொடாதீர்கள். அதே உச்ச மட்டத்துக்குள் நிற்க வேண்டுமானால் வழிகிற உயரம் 0.45 மீட்டராகக் குறையும். வெளியேறுவது 10.3 கனமீட்டர். மூன்றில் ஒரு பங்கு வெள்ளத்துக்கு வாசல் இல்லை. அது கரை மேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் சில மணி நேரம்தான்.

இது போக, மேற்புறத்துப் பட்டா நிலம் மூழ்கும், வழக்கு வரும். கீழ் ஏரிக்கு உபரி போவது தள்ளிப்போகும், அந்த ஊர்க்காரர்கள் ராத்திரியில் வந்து கான்கிரீட்டை உடைப்பார்கள். உடைப்பதில் நியாயமும் உண்டு.

பழைய கலங்கல்களில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் காலத்தில் அவற்றுக்கு இடையில் பலகையும் மண்ணும் வைத்து ஒரு சாண் கூடுதலாகத் தேக்குவார்கள், வானம் கருத்தால் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு ஆள் இருந்தவரை அது சரியான ஏற்பாடு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரிக்கென்றே ஒரு வாரியம் தேர்ந்தெடுத்தார்கள் என்று வருகிறதே, அந்த ஆள்தான் இன்றைக்கு இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பலகை வைப்பதும் கான்கிரீட் வைப்பதும் ஒன்றே.

#9 | ஊர்க்கிணறு

ஆயக்கட்டில் கிணறு எத்தனை? முக்கால்வாசிப் பேர் கிணற்றுப் பாசனம் என்றால் மதகைத் திறக்காமலே விட்டுவிடலாம். ஏரி நிரம்பி நின்றால் கிணறு ஊறும், எல்லாருக்கும் கிடைக்கும். மதகு வழியாகப் பாய்ச்சினால் கடைமடைக்குப் போவதற்குள் பாதி காலி. மழைநீர் தரையில் இறங்குவதற்குத்தானே இவ்வளவும்?

#10 | மறுகால்

பாதி ஒப்புக்கொள்கிறேன். கிணறு இல்லாத சிறு விவசாயி அங்கே ஏமாறுவார். "எல்லாருக்கும்" என்றால் மோட்டார் வைத்திருக்கும் எல்லாருக்கும் என்று பொருள். மதகை மூடுவது கிணற்றுக்காரர்கள் மட்டும் கூடி எடுக்கிற முடிவாக இருக்கக்கூடாது. முதல் போகத்துக்கு மதகு வழி, அதன் பிறகு மிச்சத் தண்ணீர் கிணற்றுக்கு என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

#11 | மட்டப்பலகை

மூடுவதா திறப்பதா என்று பேசுவதற்கு முன்னால், மூடினால் மூடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஏரிகளில் மூடாது.

60 சென்டிமீட்டர் அகல ஷட்டர். அடியில் ஒரு விரல் கனத்துக்கு, 10 மில்லிமீட்டர் இடுக்கு. மேலே 2 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. அந்த இடுக்கில் விநாடிக்கு 22 லிட்டருக்கு மேல் ஓடும். ஒரு நாளில் 1,950 கனமீட்டர், முப்பது நாளில் 58,000 கனமீட்டர், இரண்டு மில்லியன் கன அடி. மட்டம் இறங்க இறங்க ஒழுகுவது குறையும் என்றாலும், முதல் மாதத்திலேயே 300 மணி நேர ஹிட்டாச்சி வெட்டியதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கமாக ஒரு விரல் இடுக்கில் போய்விடுகிறது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஏரி வற்றியிருக்கும்போது ஷட்டரைக் கழற்றி, அது இறங்கும் பள்ளத்திலிருக்கும் கல், துணி, வைக்கோலை எல்லாம் எடுங்கள். (மூடவில்லை என்று வைக்கோலும் களிமண்ணும் அடைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் ஷட்டர் இறங்காததற்கு அதுதான் காரணம்.) ஷட்டர் வந்து உட்காரும் அடிக்கட்டைக் கான்கிரீட் தேய்ந்திருந்தால் கொத்தி, ஒரு இரும்பு ஆங்கிளைப் பதித்து மட்டம் பார்த்துப் பூசுங்கள். ஷட்டரின் அடியிலும் இரு பக்கமும் 10 முதல் 12 மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பர் பட்டை, அதன் மேல் தட்டை இரும்புப் பட்டை, துருப்பிடிக்காத போல்ட். சைக்கிள் டியூப், லாரி டியூப் போடாதீர்கள், வெயிலில் ஒரு கோடைக்குள் வெடித்துவிடும். திருகுக் கம்பி வளைந்திருந்தால் நிமிர்த்துவது வீண், மாற்றுங்கள். வளைந்த கம்பியில் ஷட்டர் ஒரு பக்கம் தொங்கும், இடுக்கு அங்கேதான் பிறக்கும்.

#12 | ஊர்க்கிணறு

ஒழுகுவதும் வாய்க்காலில்தானே ஓடுகிறது, ஊறத்தானே செய்யும்?

#13 | மட்டப்பலகை

மேல்மடை வயல்களில் கொஞ்சம் ஊறும், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் ஏற்கெனவே நனைந்து கிடக்கும்போது ஒழுகுகிற தண்ணீர் வடிகாலில் விழுந்து எல்லை தாண்டிப் போகும். தை மாதம் வேண்டிய தண்ணீர் அது.

எவ்வளவு ஒழுகுகிறது, எவ்வளவு ஊறுகிறது என்பதை அளக்கலாம். மதகுச் சுவரில் அளவுகோல் ஒன்று வரையுங்கள். பூஜ்யம் மதகின் அடிக்கட்டை மட்டத்தில் இருக்கட்டும். மழை இல்லாத, வரத்து இல்லாத, மதகு மூடிய வாரம் ஒன்றில் தினமும் காலை ஆறு மணிக்குப் படியுங்கள். காற்று வீசும்போது படிக்க வேண்டாம், அலை ஏமாற்றும். ஒரு நாளில் 14 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். ஆவியாவது 5, 6 மில்லிமீட்டர். மதகுக்குக் கீழே வாய்க்காலில் ஓடுவதைத் தனியாக அளந்தால், மேலே சொன்ன ஒழுக்கு 28 ஹெக்டேரில் ஏழு மில்லிமீட்டர். அப்படியானால் நிலத்துக்குள் இறங்குவது ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான். கிணறு ஊறும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், ஏரியின் அடி களிப்பு அடைத்துக் கிடக்கிறது.

#14 | கரிசல்காடு

அப்ப எங்க வெட்டணும்னு கேப்பீங்க. எங்க வெட்டக்கூடாதுன்னு மொதல்ல சொல்லிடுறேன்.

கரைய ஒட்டி வெட்டாதீங்க. வண்டிக்குப் பக்கம்னு எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. கரையோட அடியில இருந்து பத்து மீட்டராவது விடணும், கரை உசரமா இருந்தா இன்னும் கூட. அடியப் பறிச்சா நிறைகண்மாயில நிக்கிற கரை, தண்ணி சட்டுன்னு எறங்கும்போது உள்பக்கமாச் சரியும்.

மடையோட அடிக்கட்டைக்குக் கீழ வெட்டுனா அந்தத் தண்ணி மடைக்கு வராது. ஆடுமாட்டுக்கும் மீனுக்கும் ஒரு மூலையில ஒரு குழி போதும். அங்கங்க தனித்தனிக் குழி வெட்டுனா வத்துற காலத்துல சேறும் சகதியுமா மாடு மாட்டிக்கும், பிள்ளைக உள்ள எறங்கி முங்கிப் போயிரும். வண்டித் தடத்த ஒட்டி செங்குத்தா ஆறடி, எட்டடி வெட்டி விட்டுட்டுப் போற பள்ளம் ஒவ்வொரு வருஷமும் ஆளக் குடிக்குது.

வெட்ட வேண்டியது மேல்பக்கத்துல இருந்து மடையப் பாக்கச் சரிவா. வண்டல் மட்டும்தான் எடுக்கணும். ஏழெட்டு இடத்துல மூணடிச் சோதனைக்குழி போட்டுப் பாருங்க. மேல கருப்பு வண்டல், அதுக்கடியில இறுகுன களி, அதுக்கடியில மணலோ சரளையோ வரும். களிய ஒடச்சு மணல் வரைக்கும் போயிட்டா தண்ணி நிக்காது. பாசனக் கண்மாய்ன்னா அது நட்டம், கிணத்துக்காகத் தேக்குறதுன்னா அதுவே லாபம். எதுக்காக வெட்டுறீங்கன்னு முடிவு பண்ணாம பக்கெட்ட எறக்காதீங்க. லாரியில வண்டலுக்குப் பதிலா மணலும் கிராவலும் போக ஆரம்பிச்சா அது தூர்வாரலும் இல்ல.

#15 | வண்டல்

எடுத்த மண்ணுக்கு வழி சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்கலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90. மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது.

75 கனமீட்டர் என்றால் ஒரு ஏக்கரில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான படுகை. டிராக்டர் டிரெய்லருக்கு மூன்று கனமீட்டர் என்றால் ஏக்கருக்கு 25 நடை. உங்கள் 120 ஏக்கரும் எடுத்துக்கொண்டாலே 9,000 கனமீட்டர். செம்மண், மணல்சாரி நிலத்துக்கு இது உரத்தைவிட உசத்தி, ஈரம் பிடிக்கும். ஏற்கெனவே களிநிலம் என்றால் போட வேண்டாம், வடிகால் கெடும். ஊர்ச்சாக்கடையோ ஆலைக்கழிவோ கலந்த ஏரி என்றால் மண்பரிசோதனை நிலையத்தில் உப்பு பார்க்காமல் ஒரு நடைகூட ஏற்றாதீர்கள்.

உழுவதற்கு முன் கட்டி உடைய ஒரு வெயிலும் ஒரு மழையும் படட்டும்.

#16 | ஆயக்கட்டு

மிச்ச மண்ணைக் கரை மேலே போட்டு உயர்த்திவிடலாமா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

#17 | மறுகால்

அந்த மாங்காய் அழுகல். எல்லா ஊரிலும் நடக்கிற தவறு இதுதான். வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் கரையும். கரை மேல் கொட்டிய வண்டல் இரண்டு மழையில் திரும்ப ஏரிக்குள்ளேயே வந்து சேரும்.

கரைக்கு வேறு மண் தேவை: களியும் சரளையும் கலந்தது. எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. காய்ந்த மண்ணில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டியை எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் மெல்ல விடுங்கள், கலக்க வேண்டாம். பத்து நிமிடம் பாருங்கள். கட்டி சரிந்து அடியில் குவிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியது போல மங்கல் பரவினால் அந்த மண்ணைக் கரைக்குத் தொடாதீர்கள். மயிரிழை வெடிப்பு கிடைத்தால் போதும், தண்ணீர் அதைக் கரைத்துக் குழாயாக்கிவிடும்.

பழைய கரையின் சரிவில் அப்படியே கொட்டாதீர்கள். புல்லையும் வேரையும் செதுக்கி, படிபடியாக வெட்டி, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்த ஈரம்தான் சரி. ஹிட்டாச்சியின் செயின் ஏறி இறங்குவது ரோலர் ஆகாது. அதன் எடை அகலமான பட்டையில் பரவிவிடும்.

#18 | கரிசல்காடு

கரையில நிக்கிற சீமைக்கருவேல வெட்டி மட்டும் விட்டா அடுத்த மழைக்குப் புதராத் தழைக்கும், கட்டையோட ஓரடி தோண்டி எடுக்கணும். எடுத்த குழிய மூடி இடிக்கணும், விட்டுட்டா எலியும் நண்டும் குடியேறும். பனைய வெட்டாதீங்க.

#19 | கணக்கன்

ஓரமாக ஒரு கேள்வி. ஒரு ஏரிக்கு இவ்வளவு நுணுக்கம். நாட்டுக் கணக்கில் இது எவ்வளவு தேறும்? கடல்நீர் ஆலை, நதி இணைப்பு என்று பேசுகிற காலத்தில்?

#20 | மட்டப்பலகை

நியாயமான கேள்வி. ஒருங்கிணைந்த நீர்வள மேம்பாட்டுக்கான தேசிய ஆணையம் 1999-இல் சொன்னது: இந்தியா பயன்படுத்தத்தக்க நீர் ஆண்டுக்குச் சுமார் 1,100 பில்லியன் கனமீட்டர், 2050-இல் தேவை 973 முதல் 1,180 வரை போகலாம். மேல் கணக்குப்படி போனால் இருப்பதைத் தேவை தாண்டுகிறது. 2023-இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 24,24,540 நீர்நிலைகள், தமிழ்நாட்டில் 1,06,957. நாட்டளவில் ஆறில் ஒன்று பயன்பாட்டில் இல்லை. கடல்நீர் ஆலை சென்னைக் குடிநீருக்குச் சரி. ஒரு கனமீட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்கிற தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்ச முடியாது.

ஆனால் எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடுவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நீர்நிலைகளை வெட்டவும் புதுப்பிக்கவும் மத்திய அரசு 2022-இல் தொடங்கிய அம்ரித் சரோவர் திட்டத்தில் அளவுகோல் குறைந்தது ஒரு ஏக்கர், சுமார் 10,000 கனமீட்டர். ஒரு ஏக்கரில் அத்தனை கொள்ள வேண்டுமானால் நாலு பக்கமும் செங்குத்தாக இரண்டரை மீட்டர் வெட்ட வேண்டும். சின்னக் குளத்துக்கு அது பொருந்தலாம். அதே கண்ணோட்டம் ஏரிக்கு வந்தால், கரிசல்காடு சொன்ன ஆளைக் குடிக்கிற பள்ளம்தான் மிஞ்சும்.

#21 | ஆயக்கட்டு

சரி, இப்படிப் பிரிக்கிறேன்: வரத்துக்கால் 60 மணி. கருவேல் எடுப்பு 50. மதகுக்கு முன்னால் சரிவாக வண்டல் எடுப்பு 120, விவசாயிகளுக்கே. கலங்கலுக்குக் கீழே உபரிவாய்க்கால் 30. மிச்சம் 40 கையில். ஷட்டர் ரப்பருக்கும் சாலைப் பாலத்துக்கும் தனி மனு. ஆயக்கட்டு 48.5 ஹெக்டேர், 40-க்கு மேல் என்பதால் நீர்வளத்துறைக்குத்தான் போக வேண்டும், ஊராட்சி ஒன்றியத்துக்கு இல்லை. விட்டது ஏதாவது உண்டா?

#22 | மறுகால்

இரண்டு. பக்கெட் இறங்குவதற்கு முன் நீர்வளத்துறை உட்கோட்ட அலுவலகத்தில் ஏரியின் மெமாயர் கேளுங்கள். 1883-இல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில் ஏரி ஏரியாகத் தயாரித்த குறிப்பு அது. மதகு அடிமட்டம், கலங்கல் மட்டம், கரையின் குறுக்களவு எல்லாம் இருக்கும். இப்போதுள்ள கலங்கலை அதோடு ஒப்பிடுங்கள். யாராவது எப்போதோ சத்தமில்லாமல் உயர்த்தியிருந்தால் அப்போது தெரியும். எல்லைக்கு கிராம வரைபடமும் புலப்படமும் வாங்கி, சர்வேயரை வைத்துக் கல் நட்ட பிறகு வெட்டுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் துறை நோட்டீஸ் கொடுக்கட்டும், ஹிட்டாச்சி ஓட்டுநர் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஏரி நிரம்பும் முதல் வருஷம் கரையின் வெளிப்பக்கம் தினமும் ஒருவர் நடக்க வேண்டும், மதகுக் குழாய் வெளிவரும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கசிவு தெரிந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து அரைமணி வையுங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே அரிக்கிறது.

#23 | ஆயக்கட்டு

படிந்தால் களிமண் வைத்து அடைத்துவிடலாமா?

#24 | மறுகால்

கூடாது. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளுக்குள் அழுத்தம் சேர்த்து வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. கசியும் இடத்தின் மேல் முதலில் ஒரு சாண் ஆற்று மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி, மேலே கல். சுற்றி மணல்மூட்டை வட்டம். மணல் தேடி ஓட நேரம் இருக்காது, ஒரு டிராக்டர் மணலும் ஜல்லியும் 200 காலிச் சாக்கும் புரட்டாசியிலேயே கரையடியில் கிடக்கட்டும். மதகைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள், கீழ் ஏரிக்காரர்களுக்கு முதலில் போன் போட்டுவிட்டு.